பாப்பா சொல்ல வந்தது

அந்த வீட்டில் 'செத்துப்போச்சு' என்ற சொல்லுக்குத் தடை விழுந்திருந்தது. மனிதர்களைப் பற்றி மட்டுமல்ல, இயந்திரங்களைப் பற்றியும் அப்படிச் சொல்லக் கூடாது. வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஒருநாள் காலையில் போனில் யாரோ வாடிக்கையாளரிடம், "கம்ப்ரஸர் செத்துப்போச்சு சார், மாத்தித்தான் ஆகணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து மனைவி கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள்.

"அந்த வார்த்தை இந்த வீட்ல வேண்டாம். ஓடலன்னு சொல்லுங்க."

"ஓடலன்னா வேற அர்த்தம்மா. ஓடலன்னா ரிப்பேர் பண்ணிடலாம்."

"அப்ப ரிப்பேர் பண்ணிடலாம்னே சொல்லுங்க."

உள்ளறையில் கட்டிலில் படுத்திருந்த மகள் இதைக் கேட்டுச் சிரித்தாள். சிரித்தால் வயிறு வலிக்கும். அதனால் சிரிப்பைப் பாதியிலேயே பிடித்து நிறுத்தி, தலையணையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். முப்பதைத் தாண்டி, ஒரு பெண் குழந்தைக்குத் தாயான பிறகும் அந்த வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். கல்யாண வாழ்க்கை சரிப்படாமல் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். மருந்துக்கடை ஒன்றில் கவுண்டரில் நின்று, மருத்துவர்களின் கோழிக் கிறுக்கலையெல்லாம் தடுமாறாமல் படிக்கக் கற்றுக்கொண்டவள். அதனால்தான் வினை. தனக்கு எழுதிக் கொடுத்த மருந்துகளின் பெயரை வைத்தே, தன் வயிற்றுக்குள் இருந்த கட்டி எந்த மட்டுக்கு வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தெரிந்ததைச் சொல்லத்தான் அவளுக்கு வழியில்லை.

மெக்கானிக்கின் மனைவியைச் சபையில் எல்லோரும் ஜெபத்தம்மா என்பார்கள். வீட்டில் பள்ளிச் சீருடை தைப்பவள். தையல் மெஷினை மிதித்துக்கொண்டே ஜெபம் செய்வாள், ஊசியில் நூல் கோக்கும்போதும் உதடு அசைந்துகொண்டிருக்கும். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும், யார் பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை என்றாலும், முதல் போன் அவளுக்குத்தான் வரும். நாடகம் போடுகிறவள் இல்லை. ஊருக்காக ஒரு ஜெபம், தனக்காக ஒரு ஜெபம் என்று அவளிடம் இரண்டு கணக்கு கிடையாது. நம்பினால் முழுசாக நம்புவாள், அவ்வளவுதான்.

அந்த நம்பிக்கையை எதிர்த்துப் பேசும் தகுதி மெக்கானிக்குக்கு இல்லை. அவர் உயிரோடு இருப்பதே அதனால்தான் என்று சபையே சொல்லும். பல வருடங்களுக்கு முன் ஒரு குளிர்கிடங்கின் கூரைமேல் மின்சாரம் தாக்கி விழுந்து, நினைவு தப்பிக் கிடந்தார். சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பிவிடுங்கள் என்று மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள். மருத்துவமனை நடைகூடத்தின் வெறும் தரையில் முழங்காலிட்ட ஜெபத்தம்மா, அவர் கண் விழித்தார் என்று நர்ஸ் வந்து சொல்லும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து ஆண்டவரோடு பேசும் வேலையை மெக்கானிக் முழுக்க மனைவியிடமே விட்டுவிட்டார். ஸ்கூட்டரில் பின் சீட்டில் உட்கார்ந்து போகிறவனைப் போல அவள் விசுவாசத்தின் பின்னால் சுகமாக உட்கார்ந்து போனார். அவள் நீளமாக ஜெபிக்கும்போது ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்ப்பார். எதிரே பாப்பாவும் ஒற்றைக் கண்ணைத் திறந்து வைத்திருப்பாள். அப்பாவும் மகளும் உதட்டைக் கடித்துக்கொள்வார்கள்.

பாப்பாவை மூன்றாவது தடவையாக மருத்துவமனைக்குக் கூட்டிப்போனபோது மருத்துவர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, இவர்கள் இருவரையும் உள்ளே அழைத்தார். "இனிமே வலி இல்லாம பாத்துக்கலாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். மெக்கானிக் நாற்காலியை விட்டு எழவில்லை. ஜெபத்தம்மா மட்டும் மரியாதையாக எழுந்து நின்று மருத்துவருக்கு நன்றி சொன்னாள். படி இறங்கும்போது சொன்னாள்:

"டாக்டர் அவருக்குத் தெரிஞ்சதச் சொன்னார். ஆண்டவர் இன்னும் ஒண்ணும் சொல்லல."

அடுத்த ஞாயிறு, வெளியூரிலிருந்து பிரசங்கம் செய்ய வந்த ஊழியக்காரர் ஒருவர் பாப்பாவின் தலைமேல் கை வைத்து ஜெபித்தார். கண்ணை மூடியபடியே, "இந்த மகள் சுகம் பெற்று இதே மேடையில் நின்று சாட்சி சொல்லுவாள்" என்றார். சபை முழுக்கக் கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னது. ஜெபத்தம்மா அழுதாள். அந்த ஊழியக்காரர் மறுநாளே வேறு எங்கோ போய்விட்டார். அவர் சொல் மட்டும் வீட்டுக்கு வந்து குடியேறிவிட்டது.

அதன்பிறகுதான் சட்டங்கள் வந்தன. நோயைப் பெயர் சொல்லிப் பேசக் கூடாது. 'சுகமாயிட்டு வர்றா' என்றுதான் கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். அழக் கூடாது, அழுதால் அது அவிசுவாசம். குளிர்காலத்துக்கு என்று ஜெபத்தம்மா பாப்பாவுக்கு இரண்டு புதுச் சட்டை தைத்து அலமாரியில் வைத்தாள். பாப்பா பலமுறை பேச்செடுத்துப் பார்த்தாள். "அம்மா, சிட்டு விஷயமா ஒண்ணு பேசணும்" என்பாள். சிட்டு அவளுடைய பெண், முதல் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தது. "சிட்டுவ நீயேதான் வளக்கப்போற, என்ன பேச்சு?" என்று சொல்லி, ஜெபத்தம்மா எண்ணெய்ச் சிமிழை எடுத்துவந்து மகளின் நெற்றியில் தடவிவிட்டு ஜெபிக்கத் தொடங்கிவிடுவாள். ஜெபம் முடிவதற்குள் பாப்பா களைத்துத் தூங்கிப்போவாள்.

மெக்கானிக் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மோட்டார் நிற்பதற்கு முன் இழுத்துக்கொண்டு ஓடும் சத்தம் அவருக்குத் தெரியும். கேட்காத மாதிரி இருந்துவிடுவதும் தெரியும். இருந்துவிட்டார்.

ஒருநாள் மத்தியானம் சபையில் உபவாச ஜெபம். ஜெபத்தம்மா போயிருந்தாள், சிட்டு பள்ளிக்கூடத்தில். மெக்கானிக் பாப்பாவின் கட்டிலருகே நாற்காலி போட்டு, யாருடைய ஃபிரிட்ஜிலிருந்தோ கழற்றிய தெர்மோஸ்டாட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, வாசக்கதவு சாத்தியிருக்கா?"

"சாத்தியிருக்கு. ஏம்மா?"

"அம்மா எப்ப வருவாங்க?"

"சாயந்திரம் ஆகும்."

"அப்ப அத ஓரமா வெச்சிட்டு என்னப் பாருங்க. நான் கொஞ்சம் பேசணும். நடுவுல ஸ்தோத்திரம் சொல்லக் கூடாது. எண்ணெயும் தடவக் கூடாது."

அவர் தெர்மோஸ்டாட்டைத் தரையில் வைத்தார்.

"நான் சாகப்போறேம்ப்பா."

பழக்க தோஷத்தில் அவர் கண் அடுப்படிப் பக்கம் போய் வந்தது. பாப்பா அதைக் கவனித்துவிட்டாள்.

"பயப்படாதீங்க, கரண்டி ஏதும் வரல" என்றாள். பிறகு முகம் சுருங்கியது. "எவ்வளவு நாளா இத வாய்க்குள்ளயே வெச்சிருக்கேன் தெரியுமா? மாத்திரைய முழுங்க முடியாம நாக்குக்கு அடியில வெச்சிருக்கற மாதிரி. கசந்து கசந்து வாயே செத்துப்போச்சு. யாராவது ஒருத்தர் ஒரு தடவை கேட்டுக்கிட்டா போதும்."

"சொல்லு" என்றார். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார்.

அவள் சொன்னாள். இத்தனை நாளும் படுத்துக்கிடந்து அடுக்கி வைத்திருந்ததால் தடுமாற்றமே இல்லாமல் வந்தது. சிட்டுவிடம் அம்மா தூங்குகிறாள், ஊருக்குப் போயிருக்கிறாள் என்று கதை விடக் கூடாது. செத்துப்போய்விட்டாள் என்று நேராகச் சொல்லிவிட வேண்டும்.

"ஆண்டவருக்கு அம்மா தேவைப்பட்டாங்க, அதான் எடுத்துக்கிட்டார்னும் யாரும் சொல்லிரக் கூடாது. சிட்டு அவர வெறுத்துரும். அப்புறம் அது கஷ்டம் வந்தா எங்க போய் ஜெபம் பண்ணும்?"

"சரிம்மா."

"அதுக்குத் தல பின்னத் தெரியுமா உங்களுக்கு?"

"ஒயர் பின்னுவேன்."

"அதேதான். இழுக்காம பின்னுங்க, கத்தும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "அம்மாவ விட்றாதீங்கப்பா. நான் போனதும் எல்லாரும் அம்மா ஜெபத்துலதான் ஏதோ கொறன்னு பேசுவாங்க. பேசாட்டியும் நெனப்பாங்க. அம்மாவால அதத் தாங்க முடியாது."

"நீயே ஒரு வார்த்த அவகிட்ட..."

"சொல்லிப் பாத்தேன். எத்தனையோ விதமா சொல்லிப் பாத்தேன். அம்மா காதுல விழறதுக்கு முன்னாடியே ஆமென் வந்துருது."

மெக்கானிக் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எலும்பும் தோலுமாக, ஆனால் சூடாக இருந்தது. கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டுவிட்டார்: "உனக்கு நம்பிக்கை இல்லையா பாப்பா?"

"யாரு சொன்னா? ஆண்டவர நான் நம்பறேன். ராத்திரியெல்லாம் அவர்கிட்டதானே பேசிட்டிருக்கேன், வேற யார் கேக்கறா? அவர் என்னப் பிழைக்க வெப்பார்னு எனக்குத் தோணல. அதுக்காக அவரையே நம்பலன்னு ஆயிடுமா?" கண்களில் நீர் நிறைந்து காதுப்பக்கம் வழிந்தது. "ஆனா பயமா இருக்குப்பா. ரொம்ப பயமா இருக்கு. எனக்காக ஒரு ஜெபம் பண்றீங்களா? சுகம் கேக்க வேண்டாம். பயம் போகணும்னு கேளுங்க. அது மட்டும்."

மெக்கானிக் வாழ்நாளில் சத்தமாக ஜெபித்ததில்லை. எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. மனைவியின் அழகான வார்த்தைகள் ஒன்றும் அவருக்கு வாய்க்கு வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஆண்டவரே. எனக்கு உங்ககிட்ட பேசிப் பழக்கமில்ல, எல்லாம் அவதான் பேசுவா. பிள்ளை பயப்படுது. சின்ன வயசுல கரண்ட் போனா எங்க இருந்தாலும் என்கிட்ட ஓடிவந்துரும். இப்ப அது போற எடத்துக்கு என்னால கூட வர முடியாது. நீங்கதான் கையப் பிடிச்சுக்கணும். பயமில்லாம கூட்டிட்டுப் போங்க. வேற ஒண்ணும் கேக்கல. ஆமென்."

"ஆமென்" என்றாள் பாப்பா. நெற்றிச் சுருக்கம் விரிந்தது. கொஞ்ச நேரத்தில், வலி மருந்து போடாமலே, வாயைத் திறந்தபடி குழந்தை மாதிரி தூங்கிவிட்டாள்.

மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். அறை வாசலில் ஜெபத்தம்மா நின்றுகொண்டிருந்தாள். மகளுக்கு எண்ணெய் பூச வேண்டும் என்று மனதில் ஏவுதல் உண்டாகி, ஜெபத்தின் நடுவிலேயே எழுந்து வந்திருக்கிறாள். தன்னிடமிருந்த சாவியால் திறந்து உள்ளே வந்திருக்கிறாள்.

அடுப்படிக்கு அவரைக் கூட்டிப்போய், குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "சுகம் கேக்கலையே நீங்க."

"அவ வேண்டாம்னா."

"அவ நோவுல கெடக்கற பிள்ளை, ஆயிரம் சொல்லும். உங்களுக்கு என்ன வந்துச்சு? நாங்க அத்தன பேரும் பட்டினி கெடந்து கதவை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கறோம். நீங்க தாழ்ப்பாளத் திறந்து விட்டுட்டீங்களே! கூட்டிட்டுப் போங்கன்னு உங்க வாயாலயே சொன்னீங்களே!"

"அது பயந்துச்சும்மா. என் பிள்ளை பயந்துச்சு."

"என் பிள்ளை இல்லையா அது?"

அதற்குப் பிறகு அவள் மகளை அவரோடு தனியாக விடவேயில்லை. சபைக்குப் போவதையும் நிறுத்திவிட்டு, தையல் மெஷினைப் பாப்பாவின் அறைக்குள்ளேயே கொண்டுவந்து போட்டுக்கொண்டாள்.

பாப்பா மறுவாரம் ஒரு காலையில், நல்ல வெயில் ஏறிய நேரத்தில் இறந்தாள். ஜெபத்தம்மா காலடியில் உட்கார்ந்து, பாதங்களைத் தேய்த்துவிட்டபடி ஜெபித்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் சுவரோரம் நின்றிருந்தார். ஒரு வீட்டில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் சத்தம் நிற்கும்வரை காதில் விழுவதே இல்லை, நின்ற பிறகுதான் விழும். அவருக்கு அப்படி விழுந்தது. மனைவிக்கு விழவில்லை. அவள் ஜெபித்துக்கொண்டே இருந்தாள். அவரும் சொல்லவில்லை. அவள் கை தானாக நிற்கட்டும் என்று காத்திருந்தார். பாதம் சில்லிட ஆரம்பித்த பிறகும் கை நிற்கவில்லை, இன்னும் வேகமாகத் தேய்த்தது.

"போயிட்டாம்மா" என்றார்.

"தூங்கறா" என்றாள்.

அதற்குள் சபைப் பெண்கள் வந்துவிட்டார்கள். மரித்தவர்களை எழுப்ப ஆண்டவரால் ஆகாதா என்று ஒருத்தி ஆரம்பித்தாள். ஜெபத்தம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். யாருக்கும் சொல்லி அனுப்பக் கூடாது, குழி வெட்டச் சொல்லக் கூடாது, வாசலில் பந்தல் போடக் கூடாது என்றாள். அறைக்குள் இடமில்லாமல் கூடத்திலும் முழங்காலிட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சிட்டுவிடம் "அம்மா தூங்கறா, எழுந்திருப்பா, நீயும் ஜெபம் பண்ணு" என்றார்கள். அதுவும் கைகூப்பி நின்றது. பக்கத்து வீட்டுக்காரி வந்து அதைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகும் வரைக்கும் நின்றது.

போதகர் இளம்வயதுக்காரர், நல்ல மனிதர். கைக்குட்டையைக் கயிறு போல முறுக்கிக்கொண்டு வாசலில் நின்றார். நிறுத்தச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நிறுத்தச் சொன்னால் விசுவாசமில்லாத போதகர் என்று ஆகிவிடும்.

வீட்டுக்குள் வெக்கை ஏறிக்கொண்டிருந்தது. சூடு என்ன செய்யும், எவ்வளவு நேரத்தில் செய்யும் என்பது மெக்கானிக்கின் தொழில். அவர் மனைவியின் அருகே குனிந்தார்.

"குளிர்பெட்டி கொண்டுவரணும்மா."

"பெட்டியா? எதுக்கு?"

"வெயில் பாரு."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, உண்மையான கவலைதான் இருந்தது. "ஐஸ்ல வெச்சா, எழுந்திரிக்கறப்ப பிள்ளைக்குக் குளிருமே?"

மெக்கானிக் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். நேராகச் சவப்பெட்டிக் கடைக்குப் போனார். அங்கிருந்த குளிர்பெட்டிகளையெல்லாம் பழுது பார்ப்பவர் அவர்தான். இருப்பதில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, கடைக்காரரோடு சேர்ந்து தூக்கிவந்தார். பெண்கள் முணுமுணுத்தார்கள். ஒருவருக்கும் முகம் கொடுக்காமல் மகளை இரண்டு கைகளிலும் ஏந்தி உள்ளே படுக்கவைத்து, கண்ணாடியை மூடி, ப்ளக்கைச் செருகினார். கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது. எல்லோரும் மறுபடி கண்ணை மூடிய பிறகு, யாருக்கும் தெரியாமல் குனிந்து, குளிரை ஒரு துளி குறைத்து வைத்தார். தொழில் தெரிந்த எவனும் செய்யமாட்டான்.

அன்றைக்கு முழுவதும், மறுநாள் பொழுது விடிந்தும் ஜெபம் நடந்தது. முதல்நாள் ஓங்கி எழுந்த குரல்கள் கம்மிப்போயின. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும், வீட்டில் மாமனார் தனியாக இருக்கிறார், இதோ வந்துடறேன் என்று ஒவ்வொருத்தியாக எழுந்து போனாள். போனவர்கள் திரும்பவில்லை. மத்தியானம் ஆனபோது பெட்டிக்குப் பக்கத்தில் ஜெபத்தம்மா மட்டும்தான் இருந்தாள். அவள் உதடு வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. போதகர் மெக்கானிக்கிடம் வந்து, "ஐயா, நீங்க ஒரு வார்த்த சொன்னாத்தான் அம்மா கேப்பாங்க" என்றார் தணிந்த குரலில்.

மெக்கானிக் மனைவியின் தோளில் கை வைத்தார். "போதும்மா."

அவள் கண்ணைத் திறந்தாள். பெட்டிக்குள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, போதகர் கேட்க, வாசலில் நின்றவர்களெல்லாம் கேட்கச் சொன்னாள்:

"உங்க ஜெபத்தத்தான் கேட்டுட்டார். நான் கேட்டதக் கேக்கல. வாழ்நாள்ல ஒரே ஒரு ஜெபம் பண்ணீங்க, அதக் கேட்டுட்டார்."

குனிந்து ப்ளக்கைப் பிடுங்கியவர் மெக்கானிக்தான். கம்ப்ரஸர் ஓர் உதறல் உதறி நின்றது. சாயங்காலம் அடக்கம் செய்தார்கள். போதகர் எதையோ வாசித்தார், எதையோ சொன்னார். மெக்கானிக்கின் காதில் மனைவி சொன்னது ஒன்றுதான் திரும்பத் திரும்ப ஓடியது. பொய் என்று தள்ளவும் முடியவில்லை. அவர் கேட்டது கிடைத்துவிட்டதே. பாப்பா பயப்படாமல்தான் போனாள். அவர் அதைப் பார்த்தார். அதற்காக யாருக்கு நன்றி சொல்வது, எந்த வாயால் சொல்வது?

சிட்டுவிடம் அவர்தான் சொன்னார். பட்டறைக்குக் கூட்டிப்போய், கதவு கழற்றிப் படுக்கப்போட்டிருந்த ஒரு பழைய ஃபிரிட்ஜின் மேல் உட்காரவைத்து, தானும் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, அம்மா செத்துப்போயிட்டாங்க, இனி வரமாட்டாங்க என்று சொன்னார். சிட்டு காலை ஆட்டிக்கொண்டே கேட்டது. பிறகு காலை ஆட்டுவதை நிறுத்தியது.

"பாட்டி ஜெபம் பண்ணாங்களே?"

"ஆமா."

"சத்தமா பண்ணாங்களே."

"சத்தமாத்தான் பண்ணாங்க."

"ஆண்டவருக்குக் கேக்கலையா தாத்தா?"

"கேட்டிருக்கும்டா."

"அப்புறம் ஏன்?"

ஆண்டவருக்கு அம்மா தேவைப்பட்டாங்க என்ற சொல் அவர் நாக்கு நுனி வரை வந்தது. எவ்வளவு சுலபமான பதில் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அதை விழுங்கினார்.

"தாத்தாவுக்குத் தெரியலடா கண்ணு."

சிட்டு அழுதது. அவர் தூக்கிக்கொண்டார். கிரீஸ் கையோடு தூக்கியதில் அதன் சீருடையெல்லாம் கறுப்பாகிவிட்டது.

அந்த ஞாயிறும் அடுத்த ஞாயிறும் சிட்டுவோடு சபைக்குப் போனார். ஜெபத்தம்மா வரவில்லை. இரண்டாவது ஞாயிறு ஒருவர் எழுந்து, தன் மகனுக்கு விட்டுவிட்டு வந்த காய்ச்சல் ஜெபத்தால் நின்றுவிட்டது என்று சாட்சி சொன்னார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். மெக்கானிக்கும் சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. எழுந்து வெளியே வந்து, செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றார். பின்வரிசையில் இரண்டு பேர் பேசிக்கொண்டது ஜன்னல் வழியே காதில் விழுந்தது: "அந்த வீட்ல அவிசுவாசம் இருந்துச்சாம்ல."

ஆராதனை முடிந்து போதகர் அவரைத் தேடி வந்தார். ஏதோ ஆறுதல் சொல்ல வந்தவர் மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டார்.

"அன்னிக்கு நான் முதல்லயே நிறுத்தியிருக்கணும்ங்கய்யா."

"எதுக்கு நிறுத்தணும்? நீங்களும் பாப்பா எழுந்திருப்பான்னுதான் பாத்தீங்க."

போதகர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா" என்றார். "நீங்க?"

"நானும்தான் பெட்டியப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

வீட்டில் ஜெபத்தம்மாவுக்கு வரும் போன்கள் நின்றுவிட்டன. தங்கள் பிள்ளைக்காக ஜெபியுங்கள் என்று அவளிடம் கேட்க இப்போது எல்லோருக்கும் கூச்சம். அவளும் யாரையும் கூப்பிடவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற மாதம், தைத்துக் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். காலையில் எழுந்தவுடன் முழங்காலிடும் இடத்தில் இப்போது அழுக்குத் துணிக் கூடையை வைத்திருந்தாள். அவள் உதடு அசையவே இல்லை. அந்த அசைவு இல்லாத முகத்தை மெக்கானிக் இதற்கு முன் பார்த்ததில்லை. ஒரே வீட்டில் வேறு யாரோ ஒரு பெண்ணோடு இருப்பது போல அவருக்குக் கலக்கமாக இருந்தது. சண்டை பிடித்தால்கூடத் தேவலை என்று நினைத்தார். அவள் சண்டை பிடிக்கவும் இல்லை. சோறு வைத்தாள், பாத்திரம் கழுவினாள், படுத்துக்கொண்டாள்.

ஒருநாள் சாயங்காலம் சிட்டுவுக்குத் தலை பின்னிவிட்டு விளையாட அனுப்பினார். ஜெபத்தம்மா பாப்பாவின் வெறும் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மடியில், பாப்பா போட்டுக்கொள்ளாத அந்தப் புதுச் சட்டைகள் இரண்டும் இருந்தன. சிட்டுவின் அளவுக்குப் பிரித்துத் தைக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாளோ என்னவோ.

"அன்னிக்கு மத்தியானம் என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றையும் விடாமல் சொன்னார். சிட்டுவிடம் என்ன சொல்லச் சொன்னாள் என்று சொன்னார், தலைபின்னும் பேச்சைச் சொன்னார், இரவெல்லாம் ஆண்டவரோடு பேசிக்கொண்டிருந்தாள் என்று சொன்னார். அம்மாவை விட்டுவிடாதீர்கள் என்று சொன்னதையும் சொன்னார். அவள் சட்டையின் தையலை விரலால் நீவிக்கொண்டே கேட்டாள். அழவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு, "என்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே" என்றாள்.

அம்மா காதில் விழுவதற்கு முன்னாடியே ஆமென் வந்துவிடுகிறது என்று பாப்பா சொன்ன ஒன்றை மட்டும் அவர் சொல்லாமல் விட்டிருந்தார். இப்போதும் சொல்லவில்லை.

"சொல்ல வந்தா நான் கேட்டிருப்பேனா?" என்றாள் அவளாகவே.

அவர் அவள் மடியிலிருந்த சட்டை ஒன்றை எடுத்து மடித்து வைத்தார்.

வெளியே பிள்ளைகள் கத்தி விளையாடும் சத்தம் கேட்டது. இன்னொரு சட்டையை அவளே மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க ஜெபம் பண்ணுங்க. என்னால முடியல."

"எதுக்காகப் பண்ண?"

"தெரியல. எதுக்காவது பண்ணுங்க."

மெக்கானிக் கண்ணை மூடினார். "ஆண்டவரே" என்றார். அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தார். பக்கத்தில் அவளும் கண்ணை மூடிக் காத்திருந்தாள். கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று எவ்வளவு தேடியும் அவருக்குத் தட்டுப்படவில்லை. அறைக்குள் இருட்டு வந்தது. விளக்கைப் போட இருவரும் எழுந்திருக்கவில்லை.